பேரை வெட்டிவிடுவார்கள் என்று

1980களில் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுதானது. ரத்தம் சுத்திகரிக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கிப் போவோம். ஒருநாள் மெஷினில் படுத்திருந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை அடிக்கடி நெஞ்சுக்குப் போனது.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல லா. சும்மா இரு."

தாதியை, எங்கள் பேச்சில் மிஸ்ஸியை, கூப்பிட எழுந்தேன். சேலையைப் பிடித்து இழுத்தார்.

"சொல்லாத! தோட்டத்துல காலையில பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப ஒடம்பு முடியலன்னா கங்காணி என்ன செய்வாரு? பேர வெட்டிட்டு வேற ஆள எடுப்பாரு. இந்த மெஷினுக்கு எத்தன பேரு காத்திருக்காங்க, தெரியுமா?"

உதறிவிட்டுக் கத்தினேன். ஓடிவந்த மிஸ்ஸி மெஷினின் வேகத்தைக் குறைத்து, அவர் நாக்கடியில் மாத்திரை வைத்தார்.

"அண்ணே, இருதயத்துக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கலாம். வலிச்சா சொல்லுங்க, அப்பதான் அதுக்கேத்த மாதிரி மெஷின ஓட்ட முடியும். உங்க எடம் எங்கயும் போகாது."

அடுத்த முறை, கங்காணி பேர் கூப்பிட்டதுபோல அவர் கை மெல்ல உயர்ந்தது.

"வலிக்குது, மிஸ்ஸி."

பயம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அவர் வாயால் வலி என்று கேட்டு நான் நிம்மதியாக மூச்சுவிட்டது அன்றுதான்.