முன்னுக்குத் தள்ளினால் முன்னுக்கு

அன்று கோயில் கார் நிறுத்துமிடத்தில் நின்றவர்கள் ஐந்து பேர்: ஐயர், நான், மனைவி, மனைவியின் தம்பியான மச்சான், எங்களுக்குப் பின்னால் புதுக்காரோடு பூசைக்குக் காத்திருந்த லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் அண்ணை. வராதவர்களும் நேரில் பார்த்தது போலப் பிறகு கதைத்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார் என்னுடையது. ஹொலண்டில் இருந்தபோது வாங்கி, லண்டனுக்கு வரும்போது கூடவே கொண்டுவந்த குட்டிக் கார். ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதற்குக் கியர் இல்லை. இரண்டு ரப்பர் பெல்ட்டுகள்தான் பின்சக்கரங்களை ஓட்டுகின்றன, சக்கரத்துக்கு ஒன்று. பெல்ட் ஓடும் கப்பிகள் தாமாகவே விரிந்தும் ஒடுங்கியும் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். உள்ளே ஒரு சின்னப் பிடி மட்டும்: முன்னுக்குத் தள்ளினால் முன்னுக்கு, பின்னுக்கு இழுத்தால் பின்னுக்கு. முன்னுக்கு என்ன வேகமோ பின்னுக்கும் அதே வேகம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எனக்கு முழுதாக விளங்கிய இயந்திரம் இது ஒன்றுதான்.

அந்த மாதம் பெல்ட் இரண்டையும் மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் இழுவை சரிவராது. விலையைக் கேட்ட மனைவி, "இதுதான் கடைசி. இனி இந்தக் காரால ஒரு சதம் செலவு வந்தாலும் வித்துப்போடுவம்," என்றாள். தலையாட்டினேன். அன்றிலிருந்து ஒரே யோசனை.

பூசைக்குப் போனதும் அந்தப் பயத்தில்தான். சக்கரத்தில் நசுங்கும் தேசிக்காயின் எலுமிச்சைச் சாறு பெல்ட்டில் தெறித்தால் வழுக்குமே என்று ஆகச் சின்னதாய் நாலு பொறுக்கிக்கொண்டு போனேன். ஐயர் அவற்றைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்து, "காரை எடுங்கோ," என்றார். நான் காருக்குள் இருந்தபடி, பிடியைத் தொடாமல் தேசிக்காய்களையே எட்டிப் பார்த்தேன்.

"அத்தான், இறங்குங்கோ. நான் எடுக்கிறன்," என்றான் மச்சான். மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடுகிறவன். "எத்தினை வருசமா ஓட்டோமெட்டிக் கார் ஓடுறன். இது விளையாட்டுச் சாமான்."

நான் பெல்ட்டைப் பற்றியே புத்தி சொல்லிக்கொண்டு நின்றேன். பிடியைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. மற்ற ஓட்டோமெட்டிக் கார்களில் முன்னே போவதற்குப் பிடியைப் பின்னுக்குத்தான் இழுப்பார்கள். அவனும் பழக்கத்தில் இழுத்து, மிதித்தான். கார் பின்னுக்குப் பாய்ந்து புதுக்காரில் இடித்தது.

"ஐயோ, என்ர கார்! இன்னும் பூசையே செய்யேல்லை!" என்று அண்ணை கத்தினார்.

"நேரத்தோட வந்திருந்தா உங்களுக்குத்தானே முதல் பூசை," என்றார் ஐயர்.

எங்கள் காரில் ஒரு கீறல்தான். அண்ணையின் பம்பர் வெடித்திருந்தது. இன்சூரன்சுக்குப் போகவேண்டாம், திருத்துகிற காசைத் தந்தால் போதும் என்றார். ஐந்நூறு பவுண்.

"கார்தான் பிழை," என்றபடி இறங்கினான் மச்சான். "உலகத்தில எல்லா ஓட்டோமெட்டிக்கும் இழுத்தாத்தான் முன்னுக்குப் போகும்."

மனைவி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், கார் போய்விட்டது என்று நினைத்தேன். அவள் போய் அதில் ஏறினாள். ஒருநாளும் அதை ஓட்டிப் பார்க்காதவள். பிடியைத் தள்ளினாள். கார் தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு மெல்ல முன்னுக்குப் போய் நின்றது.

கண்ணாடியை இறக்கி, "தள்ளினா முன்னுக்குப் போகுது. இதில என்னடா விளங்கேல்லை உனக்கு?" என்றாள்.

"அக்கா, நீ ஆருடைய பக்கம்?"

"நான் காருக்குள்ள இருக்கிறன், தெரியேல்லையே? காசை நீ குடு."

கார் இப்போதும் வீட்டு வாசலில் நிற்கிறது. பெல்ட்டில் சாறு படவில்லை, படுத்துக்கிடந்து பார்த்தேன். மச்சான் கூடுதல் ஷிப்ட் ஓடி மாதாமாதம் கொடுக்கிறான். அவன் இடையில் நிறுத்தினால் மீதி என் தலையிலும் பிறகு காரின் தலையிலும் விழுமே என்ற பயம் எனக்குப் போகவில்லை. அண்ணைக்குக் கொடுக்க இன்னும் நூற்றெண்பது பவுண் இருக்கிறது.