ரோட்டைப் பார்த்த ஜன்னல்

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்த தகரத்துக்கு ஒரு வாடை உண்டு, அது மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரை இறங்காது. துடைத்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தகரம் கண்ணாடியாகிவிடும். எங்கள் பட்டறை ஜன்னலின் கம்பிகள் அதன் மேல் கறுப்புக் கறுப்பாக வரிசையாய் வந்து விழும். கம்பி நேராக விழுந்தால் தகரம் சரியாகிவிட்டது, நெளிந்து விழுந்தால் நசுங்கின இடத்தில் இன்னும் "ஒடுக்கு" பாக்கி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அஞ்சாவதோடு நின்றுவிட்ட நான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறிய நாளிலேயே அந்தக் கம்பிகளைத் தங்குதடையில்லாமல் வாசித்தேன்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஜன்னல் இன்றைக்கும் என் வீட்டில்தான் இருக்கிறது. பட்டறை விழுந்த இடத்திலேயே கட்டிய "கார் செட்டில்", அதே சுவர் இருந்த பக்கம், அதே ரோட்டைப் பார்த்து, அதே மரச்சட்டமும் கம்பியுமாக நிற்கிறது. வளைகுடாவில் கார் நசுங்கலை நிமிர்த்தும் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என் மகன் செல்வம், அந்தச் செட்டிலேயே தொழிலை ஆரம்பித்தான். ஆரம்பித்த கையோடு, ஜன்னல்களை அடைக்கப்போகிறேன் என்று வந்து நின்றான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முந்தி, அந்த ஜன்னல் ஒருமுறை அடைபட்ட கதையை நீங்கள் கேட்க வேண்டும்.

எங்களுடையது விவசாயக் குடும்பம். திருமயம் பக்கம், கம்மாய்த் தண்ணீரை நம்பிய கொஞ்சம் வயல். அதைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். என் அப்பா இளையவர். ஒரு பஸ் முதலாளியின் செட்டில் போய்த் தகரம் தட்டும் வேலையைப் பழகிக்கொண்டு வந்து, ரோட்டோரம் இருந்த எங்கள் வீட்டின் பக்கவாட்டில் ஓடு வேய்ந்து ஒரு பட்டறை போட்டார். பஸ்காரர்கள் நசுங்கிய "மட்கார்டு" கொண்டுவருவார்கள், செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளிலிருந்து கல்யாண அண்டாக்கள் மாட்டுவண்டியில் வரும். பெரியப்பாவுக்கு இந்தத் தொழில் பிடிக்கவில்லை. "நெலம் இருக்க, தகரம் தட்டித் திங்கிறான்" என்று ஊருக்குள் சொல்லுவார். ஆனால் எங்கள் பட்டறைக்கு நேர் எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில்தான் காலையும் மாலையும் உட்காருவார், தட்டுகிற சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து உட்காரவேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்பாவின் வேலை இப்படி நடக்கும். உள்பக்கத்தில் ஒரு கனமான இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கத்தில் "கொட்டாப்புளி" என்கிற மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டுவார். தட்டுகிறவர் இருக்கிற இடத்திலிருந்து கம்பி நிழல் தெரியாது, அதைப் பார்க்கத் தாழ்வாக, பக்கவாட்டில், ஜன்னலை ஒட்டி ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தைத் தகரத்துக்கு அருகே சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். நாலு தட்டுக்கு ஒருதரம் அப்பா கேட்பார்: "கம்பி நேரா நிக்குதா?" நான் சொல்லுவேன்: "வளையுதுப்பா. ஒங்க கைப்பக்கம் ஒரு விரக்கட அளவு." மறுபடி தட்டுவார். ஜன்னல் வடக்குப் பார்த்தது என்பதால் வெயில் உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் பொழுது சாயும்வரை ஒரே சீராக வரும். நான் ஒரே பிள்ளை. எங்கள் ஆத்தா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் தகரத்தையே தின்னுங்க, சோறு ஆறுது" என்று கத்துவாள்.

அப்புறம் நான் பெரியமனுஷியானேன். பச்சை ஓலைக் குச்சுக்குள் உட்காரவைத்தார்கள், மாமன் சீர் வந்தது, தண்ணீர் ஊற்றினார்கள். எல்லாம் முடிந்து, கையில் போட்ட மருதாணி சிவப்பு மாறுவதற்குள் நான் முக்காலிக்குத் திரும்பிவிட்டேன். அன்றைக்கே பெரியப்பா டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"ஏண்டா தம்பி, வயசுக்கு வந்த புள்ளைய ரோட்டப் பாத்த ஜன்னல்ல உக்கார வச்சு வேலை வாங்குறியே, போற பஸ்ஸு வார பஸ்ஸெல்லாம் நம்ம வீட்டத்தானப்பா பாக்குது!"

அப்பா எழுந்து நின்றார். அண்ணன் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லாதவர். "அவ கண்ணு இல்லாட்டி எனக்கு வேலை ஓடாதுண்ணே" என்றார்.

"அப்ப ஜன்னல அடச்சிரு. இல்லாட்டி புள்ளைய வீட்டுக்குள்ள அனுப்பு. ரெண்டுல ஒண்ண நாளைக்குள்ள செய்யி."

அப்பா ஜன்னலை அடைத்தார். என்னை அனுப்ப மனமில்லாமல் ஜன்னலை விட்டுக்கொடுத்தார். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும், எவ்வளவு பாசமான அப்பா என்பார்கள். பாசம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜன்னலை எடுத்துவிட்டு என் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவரும் யோசிக்கவில்லை, கல் எடுத்துக்கொடுத்த ஆத்தாவும் யோசிக்கவில்லை. முற்றத்துப் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தால் வெளிச்சம் வரும், போதும் என்று நினைத்தார்கள். வெளிச்சம் வரத்தான் செய்யும். கம்பி எங்கிருந்து வரும்? அண்ணன் பேச்சைத் தட்டக்கூடாது என்ற ஒன்றே தலைக்குள் இருந்தால் இப்படித்தான், தனக்கு எதனால் வேலை ஓடுகிறது என்பதே ஒரு மனுஷனுக்கு மறந்துபோகும். சாயங்காலமே செங்கலும் குழைத்த மண்ணுமாக வந்து, கம்பிக்கு வெளிப்பக்கம் வரிசை வரிசையாய் வைத்து மூடிவிட்டார்கள். ரோடு சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு கல் அளவு ஆகி, அதுவும் போனது.  

மறுநாள் காலையில் ஒரு பஸ் மட்கார்டு வந்திருந்தது. அப்பா வழக்கம்போலத் துடைத்தார், தட்டினார், தட்டிக்கொண்டே பழக்கத்தில் கேட்டுவிட்டார்: "கம்பி நேரா நிக்குதா?"

நான் சாய்ந்து பார்த்தேன். தகரத்தின் மேல் கதவின் வெள்ளை ஒரு பக்கமாய்ப் பரவிக் கிடந்ததே தவிர, ஒரு கோடு இல்லை.

"கம்பி எங்கப்பா இருக்கு?" என்றேன்.

அப்பாவின் கை நின்றது. ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டாப்புளியைக் கீழே வைத்தார். அவர் வைத்ததை நான் எடுத்தேன். எடுத்து, கம்பிகளுக்கு நடுவே அதன் தலையைக் கொடுத்து, என் பலம் எல்லாவற்றையும் போட்டு ஓர் இடி இடித்தேன். மண் காயவில்லை. மேல்வரிசை அப்படியே பெயர்ந்து ரோட்டோரம் போய் விழுந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றிருந்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "யம்மா தாயி, பஸ்ஸு மேல போட்றாத, முதலாளிக்குப் பதில் சொல்ல முடியாது!" என்று கத்த, பஸ்ஸுக்குள் இருந்த சனம் முழுவதும் இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. யாரும் என்னைப் பார்த்துவிடக்கூடாது என்று கட்டிய சுவர், ஒரு பஸ் கூட்டமே என்னைப் பார்க்கும்படி விழுந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை.

பெரியப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஏய், என்னடி பண்ற?"

"கம்பி தெரியல பெரியப்பா."

அவர் அப்பாவைப் பார்த்து, "கேட்டியாடா ஒம் மக பேச்ச?" என்றார்.  "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா நான் மனுசனில்ல" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா திரும்பிப் போனார். போனவர் நேராகப் போய் அந்த டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

ஆத்தா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். "ஒடையாத கல்ல இங்கிட்டு எடுத்துப் போடுடி, கோழிக்கூடு கட்டணும்" என்றாள். எங்கள் வீட்டில் அப்புறம் வெகுகாலம் கோழிகள் அந்தக் கல்லுக்குள்தான் முட்டையிட்டன.

அப்பா என்னைத் திட்டுவார், அல்லது அண்ணன் பின்னால் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, தகரத்தின் மேல் படிந்திருந்த செம்மண் தூசியைத் துடைத்துவிட்டு, கட்டியை உள்ளே கொடுத்துத் தாங்கிக்கொண்டு, நிமிராமலே கேட்டார்: "ம்... இப்பப் பாரு. கம்பி நேரா நிக்குதா?"

"வளையுதுப்பா" என்றேன். 

அதற்கு விலை இல்லாமல் போகவில்லை. "ஜன்னலை இடிச்ச புள்ள" என்று பேராகிவிட்டது. பெண் கேட்டு வந்தவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனார்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து யாராவது ஒரு லாரி டிரைவர் கட்டிக்கொண்டிருப்பார் என்று சிலர் ஆசையாகக் கேட்பார்கள், அப்படியெல்லாம் இல்லை. கொடும்பாளூரில் இருந்த என் அத்தை மகன் இந்தக் கதையைக் கேட்டு, இடித்ததுதான் இடித்தாள், பஸ் நிற்கிற நேரமாகப் பார்த்தா இடித்தாள் என்று விழுந்து விழுந்து சிரித்தாராம். அவர்தான் வந்து என்னைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டோடு இருந்து, அப்பாவுக்கு இன்னொரு கையானார்.

பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், படியை மிதிக்கவில்லை. ஆனால் எதிர்ப் பெஞ்சை விட்டும் அசையவில்லை. வருஷக்கணக்காக அவர் அங்கிருந்து என்னை முறைக்க, நான் இங்கிருந்து தகரத்தைப் பார்ப்பேன், இடையிடையே தலையை நிமிர்த்தி அவரையும் பார்ப்பேன். தன் மகள் கல்யாணத்துக்கு அண்டா நசுங்கிக் கிடக்கிறது என்று வேறு ஓர் ஆள் தலையில் ஏற்றி எங்களிடம்தான் அனுப்பினார். அண்டா யாருடையது என்று அந்த ஆளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கம்பி துளி நெளியாமல் நிமிர்த்திக் கொடுத்தோம்.

இனி என் மகனுக்கு வருகிறேன். அவன் சொன்ன காரணம் எதுவும் பொய்யில்லை. ஜன்னல் வழியாக வருகிற புழுதி ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்கிறது. வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சாமான்களைத் திருடர்கள் கம்பி விட்டு இழுத்துவிடுவார்கள். சாமான் மாட்டச் சுவர் போதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கோடு கோடாக வெளிச்சம் விழுகிற ஒரு லைட்டுப் பலகையைக் கொண்டுவந்து கார் கதவின் மேல் காட்டினான். நான் சாய்ந்து பார்த்தேன். எங்கள் கம்பியைவிடத் துல்லியமான கோடு. வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், இருட்டிலும் பார்க்கலாம். நல்ல சாமான், எங்கப்பாவிடம் இது இருந்திருந்தால் அவர் முதுகு அவ்வளவு வளைந்திருக்காது என்று அவனிடமே சொன்னேன்.

"அப்பறம் என்ன ஆத்தா? ஜன்னலால இனி என்ன லாபம், சொல்லு" என்றான்.

கொத்தனார் சிமெண்டுக் கல்லோடு வந்துவிட்டார். நான் போய் முக்காலியை ஜன்னலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"ஆத்தாவுக்கு அது டிவிப்பா, அத நிறுத்தாத" என்று கொத்தனார் கிண்டல் பண்ணினார்.

"கட்டுங்க தம்பி, தாராளமாக் கட்டுங்க. என்னையும் உள்ள வச்சுக் கட்டுங்க" என்றேன்.

செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனிடம் சொன்னேன். கம்பி தெரியவில்லை என்று பெரியப்பாவிடம் நான் சொன்னது பாதிதான். மீதியை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை செய்கிறவள் வேலை செய்கிற இடத்தில் வெளியே தெரியவேண்டும். ஒளித்துவைத்துக்கொண்டு வேலை வாங்குவது எனக்கு ஆகாது, அப்பா செய்தாலும் ஆகாது, பிள்ளை செய்தாலும் ஆகாது. உன் லைட்டு கோட்டைக் கொடுக்கும், நான் இங்கே இருக்கிறேன் என்று ரோட்டுக்குச் சொல்லுமா? புழுதியா, பெயிண்ட் அடிக்கிற அன்றைக்குப் படுதா கட்டு, முடிந்ததும் சுருட்டு. திருடனா, கம்பிக்கு வெளியே வலை அடி. சாமான் மாட்ட இடமா, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் இருக்கிறது, அதற்காக நான் ஒன்றும் இடிக்கவில்லை, அதை அடைத்துக்கொள். இதில் கை வைக்காதே.

அவன் அப்புறம் கொத்தனாரைப் பார்த்து, "தோட்டத்துப் பக்கத்த மட்டும் கட்டுங்கண்ணே. இங்கிட்டுக் கட்டுனா ஆத்தா இடிக்கும். அதுகிட்ட சுத்தி வேற இருக்கு" என்றான்.

அப்படித்தான் இருக்கிறது இப்போது. தோட்டத்து ஜன்னல் போய் அங்கே சாமான்கள் வரிசையாய்த் தொங்குகின்றன. ரோட்டு ஜன்னல் நிற்கிறது. ரோடுதான் முன்போல் இல்லை. பஸ்ஸெல்லாம் புதுச்சாலையோடு போய்விட்டது, இந்தப் பழைய ரோட்டில் எப்போதாவது ஒரு பால் வண்டி, ஓர் ஆட்டுமந்தை. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் டவர். பெஞ்சும் இல்லை, அதில் உட்கார்ந்து முறைத்தவரும் இல்லை. என் கண்ணிலும் புரை விழுந்து எடுத்தாயிற்று, கோடெல்லாம் செல்வமே பார்த்துக்கொள்கிறான்.

நீ யாரைப் பார்க்க அங்கே உட்காருகிறாய், ரோட்டில்தான் ஆளே இல்லையே என்று கேட்கிறார்கள். ஆள் இல்லாதது ரோட்டின் பாடு. நான் ஜன்னலில் இருக்கிறேன்.