பாலத்தடியில் இருந்தவர்

என் அப்பா கத்தோலிக்கக் குருவாகப் போனவர். குருமடத்தில் சில வருடம் இருந்துவிட்டு, கணக்கு விடமாட்டேன் என்கிறது என்று சொல்லி வெளியே வந்து இஞ்சினியரானார். துறைமுகத்தில் இறங்குதுறை கட்டினார். புல்மோட்டையில் மணல் அள்ளும் இயந்திரங்களோடு கிடந்தார். பிறகு றோட்டு, மதகு, பாலம். எங்கே வேலை செய்தாலும் ஞாயிறு முதற்பூசைக்குப் பாலையூற்று வீட்டுக்கு வந்துவிடுவார்.

அவர் கட்டியவற்றில் ஒரு பாலம் ஊருக்கு வடக்கே, களப்பு கடலோடு சேரும் இடத்தில் இருந்தது. பெரிய பாலமில்லை. எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று நின்று வழிவிடவேண்டும். அதற்கு அப்பால் இருந்த பள்ளிக்கூடத்தில்தான் அம்மா படிப்பித்தார், நான் படித்தேன்.

சண்டைக் காலம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப் பாதைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

"ஐயா, உங்களோட ஒரு கதை இருக்கு. ஒருக்கா எங்களோட வரவேணும்."

"கோயிலுக்கு வெளிக்கிடுறன் தம்பி. நாளைக்கு வரட்டோ?"

"நாளைக்கு ஏலாது ஐயா."

அம்மா கொடுத்த தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து எந்த வகுப்பு என்று கேட்டான். சொன்னேன். தலையாட்டினான். பிறகு அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா பெரிய உடம்புக்காரர். சைக்கிள் ஒழுங்கை முடியும்வரை தள்ளாடியது.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவினார்.

"என்ன கேட்டவை?" என்றார் அம்மா.

"பாலத்தில பெலம் குறைஞ்ச இடம் எது எண்டு. ஆமி அதாலதானே போய்வாறது."

"சொன்னனீங்களோ?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டிட்டு வந்தனான்."

"சொன்னா?"

"சனம் சாகும்."

"சொல்லாட்டி?"

அப்பா வாளியைத் திரும்பவும் கிணற்றுக்குள் இறக்கினார்.

திங்கட்கிழமை எங்கள் இருவரையும் பள்ளிக்குப் போகவேண்டாம் என்றார். எனக்கு முதலில் சந்தோசமாக இருந்தது. படலையடியில் நின்று பார்த்தபோது பஸ் வழக்கம்போலப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யன்னலால் கைகாட்டினார்கள். அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கட பிள்ளை மட்டும் போகாட்டிப் போதுமோ?" என்று கேட்டார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

அடுத்தநாள் விடியவே அப்பா ஒரு மடிப்புக் கதிரையைச் சைக்கிளில் கட்டினார். குடையையும் எடுத்துக்கொண்டார். "நீங்கள் பள்ளிக்குப் போங்கோ. நான் அங்க இருப்பன்" என்றார்.

பாலத்தின் தொடக்கத்தில், றோட்டோரமாக, குடை பிடித்துக்கொண்டு இருந்தார். கையில் செபமாலை. பஸ் அவரைக் கடந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். "உன்ர அப்பாவுக்கு என்ன விசரோ?" என்றாள் ஒருத்தி. கடைசி பஸ் போனபிறகுதான் வீட்டுக்கு வந்தார். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாட்களும்.

அந்த இளைஞர்கள் பாலத்தடிக்கே வந்தார்களாம். "சொல்லமாட்டன் தம்பியவை. செய்யிறதெண்டா நான் இருக்கேக்க செய்யுங்கோ" என்று அப்பா சொன்னாராம். "சரி ஐயா" என்றுவிட்டுப் போய்விட்டார்கள். கோபமில்லாத அந்தச் "சரி"தான் அம்மாவைப் பயப்படுத்தியது. அன்றைக்குச் சமைத்ததை ஒருவரும் சாப்பிடவில்லை.

அவர்கள் எதையும் செய்வதற்கு முன்னால் ஆமிக்காரர் வந்தார்கள். பாலம் கட்டிய இஞ்சினியர் ஏன் நாள்தோறும் அங்கே இருக்கிறார் என்பது அவர்களுடைய கேள்வி. கதிரையை அங்கேயே விட்டுவிட்டு அவரை மட்டும் கொண்டுபோனார்கள். அம்மா சோற்றுப் பார்சலோடு முகாம் வாசலுக்குப் போவார். சிலநாள் வாங்குவார்கள், சிலநாள் திருப்பி அனுப்புவார்கள்.

அப்பா உள்ளே இருந்தபோதுதான் அது நடந்தது. பஸ் ஓடத் தொடங்காத காலை வேளை. எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. காகங்கள் எல்லாம் எழும்பிப் போய்விட்டன. அன்றைக்கு ஆமி வண்டி ஒன்றும் பாலத்தில் இல்லை. சாம்பல்தீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்த, வீடு வீடாக ரொட்டி விற்கும் பாண்காரர் இருந்தார். பார்த்துவிட்டு வந்தவர்கள், களப்பு முழுக்கப் பாண் மிதக்கிறது என்றார்கள். எங்களுக்கும் அவர்தான் பாண் கொண்டுவருபவர். அன்றைக்கும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

சிறிது காலத்தில் அப்பாவை விட்டார்கள். அவர் வீட்டுக்கு வராமல் நேரே பாலத்தைப் பார்க்கப் போயிருந்தார்.

"பிழையான இடத்தில வைச்சிருக்கிறாங்கள்" என்று அம்மாவிடம் சொன்னார். "அதுதான் அவ்வளவு வெடிமருந்து. நான் இடத்தைச் சொல்லியிருந்தா, கரைப்பக்கம் மட்டும் இறங்கியிருக்கும். நடுவில நிண்ட மனுசன் தப்பியிருப்பான்."

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாராம். பாவமில்லை என்றாராம் அப்போதைய பங்குக் குரு. "அப்ப ஏன் சுவாமி நித்திரை வருகுதில்லை?" என்று கேட்டுவிட்டு எழும்பி வந்திருக்கிறார்.

அதன்பிறகு வளைகுடாவுக்குப் போனார். பாலைவனத்தில் தண்ணீர்க் குழாய் போடும் வேலை. பல வருடம் இருந்தார். கடல் ஊருக்குள் வந்த பிறகு திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டும் வேலையை ஏற்றார். பாண்காரரின் மனைவிக்கும் வீடு போயிருந்தது. அப்பா அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன்.

பாண்காரரின் மனைவி ஒன்றைத்தான் கேட்டார். "நீங்கள் வைக்கேல்லைத்தானே ஐயா?"

"இல்லை."

"அப்ப இருங்கோ. தேத்தண்ணி வைக்கிறன்."

அப்பா குடித்தார். அந்த வீட்டின் அத்திவாரத்தை மட்டும் வேலையாட்கள் முணுமுணுக்கும் அளவுக்கு ஆழமாகத் தோண்டுவித்தார்.

தொண்ணூறை நெருங்கும்போதும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலுள்ள பழைய தண்ணீர்த் தாங்கியில் வெடிப்பு விட்டிருந்தது. பொறுப்பானவர்கள் அப்பாவைக் காரில் கொண்டுபோய்க் காட்டினார்கள். சுற்றி நடந்தார். தாங்கியின் தூண் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"எந்த இடம் ஐயா பெலவீனம்? அதை மட்டும் திருத்துவம்."

"இடிச்சுப் போடுங்கோ."

"இடத்தைச் சொல்லுங்கோவன்."

"இடிச்சுப் போடுங்கோ" என்றார் மறுபடியும். போய்க் காரில் ஏறிக்கொண்டார். ஐயாவுக்கு மறதி வந்துவிட்டது என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்கள். அம்மாவும் நானும் மறுக்கவில்லை.

சென்ற மாரியில் அப்பா இறந்தார். தாங்கியின் வெடிப்பின்மேல் சீமெந்து பூசி, வெள்ளை அடித்திருக்கிறார்கள். கீழே பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இந்த மழையோடு பூச்சின் ஓரத்தில் ஈரம் கசியத் தொடங்கியிருக்கிறது. நான் இருமுறை போய் இடிக்கச் சொல்லிவிட்டேன். "உங்கட அப்பா இடத்தைச் சொல்லேல்லையே" என்கிறார்கள்.