மஞ்சள் துணி முடிச்சு

என் மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒரு சூஃபி மகானின் அடக்கத்தலத்து மரத்தில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, அறுந்துபோன என் செருப்பு வாருக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். யாரோ கந்தல் காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பு.

மலாயாவில், ரெங்கத்தில் ரயிலிறங்கி, ரப்பர்த் தோட்டத்தின் வழியே நடந்து வந்திருக்கிறேன். மகான் தொழும்போது புலி வந்து காவலுக்குப் படுத்திருக்குமாம். சொல்பவர் தர்காவைப் பார்த்துக்கொள்ளும் நாகூர்க்காரர்.

"புலிக்குப் பசிக்காதா, பாய்?" என்கிறேன். அவர் முறைக்கிறார்.

அந்நேரம் ரப்பர்ப் பால்வாளியோடு ஓடி வருகிறாள் தோட்டத்துப் பெண்ணொருத்தி. கிளையைப் பார்த்ததும் வாளி கீழே விழுகிறது.

"பாய்! காலையில நான் கட்டுன துணியக் காணோம்! தானா அவுந்தா வேண்டுதல் பலிக்கும்னீங்களே! எம் புருசனுக்குக் காய்ச்சல் எறங்கிரும், பொழச்சுக்குவாரு!"

அழுகையும் சிரிப்புமாக மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடுகிறாள். என் வலது கால் இடது காலுக்குப் பின்னே ஒளியப் பார்க்கிறது.

"கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடட்டுமா, பாய்?"

அவர் என் செருப்பையே பார்க்கிறார்.

"அதக் கழட்டிட்டு, அவ புருசனுக்காக நீங்க ஒரு துணி கட்டுங்க."