ஆறு மாசக் கெடு

மதியம் ஒரு மணிக்குப் பட்டறை வாசலில் இரண்டு ஹாரன் கேட்டால், மூக்குக்காரருக்குச் சாப்பாடு வந்துவிட்டது என்று அர்த்தம். கூடவே ஒரு குத்தலும் வரும். சாப்பாட்டை அனுப்புவது தங்கை. கொண்டுவருவது தங்கையின் புருஷன், வாடகைக் கார் ஓட்டுகிற டிரைவர். இவர் வந்ததும் இறங்கமாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டு, மீட்டரில் உள்ள எண்ணைப் பட்டறைக்கே கேட்கும்படி வாசிப்பார்.

"நாலு லட்சத்து முப்பத்தாறாயிரத்து நூத்திப்பத்து. ஆறு மாசம் தாங்காதுன்னீங்களே மச்சான், ஞாபகம் இருக்கா?"

தூக்கி நிறுத்திய ஏதோ ஒரு காருக்கு அடியிலிருந்து பதில் வரும். "ஆறு மாசம்னுதான் சொன்னேன். எந்த ஆறு மாசம்னு சொன்னேனா மாப்ள?"

பதினோரு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். பட்டறையில் யாரும் இப்போது சிரிப்பதில்லை.

மூக்குக்காரருக்கு மூக்கு பெரிதல்ல. சொல்லப்போனால் சப்பை. தொழில்தான் அந்தப் பெயரைக் கொடுத்தது. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி தவிர வேறெதையும் தொடமாட்டார். கிளட்ச் மிதிக்கிற வண்டி வந்தால் எதிர்க் கடைக்குக் கை காட்டிவிடுவார். அவரிடம் வருவதெல்லாம் பழைய டீசல் கார்கள். இரண்டரை லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்தவை. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: பெட்டி இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?

உடனே சொல்லமாட்டார். இஞ்சினைச் சூடாக்கி, பெட்டியின் எண்ணெய் அளவுக் கம்பியை உருவி, பக்கத்து அச்சகத்தில் வெட்டி எறிந்த வெள்ளைத் தாள் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் வைப்பார். அதற்கு முன் வாசமில்லாத சோப்பால் மூன்று முறை கை கழுவுவார். முகத்துக்குப் பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது. பக்கத்தில் வந்து குனிந்த ஒரு வாடிக்கையாளரை, "தள்ளி நில்லுங்க சார், நான் பெட்டியை மோக்கணும், உங்க தலையை இல்ல" என்று விரட்டியிருக்கிறார். பிறகு கண்ணை மூடித் தாளை மூக்கருகே கொண்டுபோவார். புது எண்ணெய் சிவப்பு, பழசு கருஞ்சிவப்பு, அது குருடனுக்கும் தெரியும் என்பார். நிறம் போனாலும் பெட்டி பிழைக்கும். கருகிய வாசம் வந்தால் உள்ளே தகடுகள் தீய்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

"டீசல் இஞ்சின் யானை. இந்தப் பெட்டி பாகன். யானை சாகறதுக்குள்ள மூணு பாகன் போய்ச் சேர்ந்துடுவான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. கம்பெனிப் புத்தகத்தில் ஆயுசுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று போட்டிருக்கிறதே என்று யாராவது கேட்டால், "எழுதினவன் வித்துட்டுப் போயிட்டான். மூணு லட்சத்துல வந்து அவனா தள்ளப்போறான்?" என்பார். அதே சமயம், மாற்றாமல் விட்ட பெட்டிக்கு ஒரேயடியாகப் புது எண்ணெய் ஊற்றவும் விடமாட்டார். "பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வெச்சா செத்துடுவான்." ஒன்றரை லிட்டர் எடுத்து ஒன்றரை லிட்டர் ஊற்று, ஓட்டு, திரும்ப வா. வருகிறவரின் வலது கால் செருப்பையும் பார்ப்பார். குதிகால் தேய்ந்திருந்தால் நிதானமாக ஓட்டுகிறவர், முன்பக்கம் தேய்ந்திருந்தால் மிதிக்கிறவர் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அந்த ஆறு மாசக் கெடு பதினோரு வருஷத்துக்கு முந்தியது. டிரைவருக்கு அப்போது நாற்பது வயது. முதுகு எலும்பு இரண்டு தேய்ந்திருக்கிறது, சீட்டை விட்டு இறங்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரை விற்றுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேனாகச் சேரலாம் என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. கார் வாங்க ஒரு வாத்தியார் குடும்பத்தோடு வந்தார். அவர் பெண்டாட்டி முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகூடப் பார்த்துவிட்டாள். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாத்தியார் கேட்க, சொந்த மச்சான்தானே என்ற தைரியத்தில் இவர் பட்டறைக்கே கூட்டிப்போனார்.

மூக்குக்காரர் மோந்தார். கண்ணைத் திறந்தார். தெருவே கேட்கிற குரலில் சொன்னார்: "கருகிப்போச்சு. ஆறு மாசம் தாங்காது."

வாத்தியார் பெண்டாட்டி இறங்கிச் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். வண்டி விற்கவில்லை. விற்காமல் எப்படிச் சீட்டை விட்டு இறங்குவது? வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

கருகிய வாசம் பொய்யில்லை. அது இவருக்கும் அதற்கு முன்பே தெரியும். டிரைவருக்குத் தெரியாத வாசமா? இவர் வயிறு எரிவது வேறு காரணத்துக்கு. "தனியாக் கூட்டிட்டுப் போய்க் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா உங்கண்ணன்? நான் என்ன மூணாம் மனுஷனா?" என்று வீட்டில் குதித்தார். மனைவி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "காதுல சொன்னா நீங்க வித்திருப்பீங்க."

அன்றிலிருந்து மச்சானைப் பொய்யனாக்குவதே இவருக்கு வேலை. வண்டி முழுசாக நின்றால்தான் ரிவர்ஸ் போடுவார். மேட்டில் மிதிக்கமாட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எதிர்க் கடைப் பள்ளத்தில் வண்டியை நிறுத்தி, ஒன்றரை லிட்டர் எடுத்து ஒன்றரை லிட்டர் ஊற்றினார். யார் சொன்ன வைத்தியம் அது என்று அவரை யாரும் கேட்கவில்லை. பயணிகள் "என்னங்க, மாட்டு வண்டியா?" என்று கேட்டார்கள், கேட்கட்டும் என்று விட்டார். இடுப்பில் அகலப் பட்டி கட்டிக்கொண்டு பதினோரு வருஷம், இரண்டு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர். பெட்டி பிழைத்தது. முதுகு போனது. இப்போது இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நாலு எண்ணிய பிறகே நிமிர்கிறார்.

போன வருஷம் மூக்குக்காரருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஆள். பட்டறைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் படுக்கை. இருபது நாளில் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார். அதன் பிறகு ஒரு நாள், வெயிலில் காருக்குள்ளேயே கிடந்த சாப்பாட்டுத் தூக்கை டிரைவர் திறந்து வைத்தபோது சாப்பாடு ஊசிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததுமே இவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வேண்டாம் மச்சான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மூக்குக்காரர் பிசைந்து வாயில் போட்டுவிட்டார். பாதிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி கைக்குப் புளிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

காய்ச்சல் மூக்கைக் கொண்டுபோய்விட்டது என்று டிரைவருக்கு விளங்கிவிட்டது. அவருக்கு விளங்கியது மூக்குக்காரருக்கும் விளங்கிவிட்டது. டிரைவரின் முகத்தைப் பார்த்தார், தூக்கைப் பார்த்தார், எழுந்துபோய்க் கை கழுவினார். மூன்று முறை கழுவினார்.

அதற்குப் பிறகும் தாளை மூக்கருகே கொண்டுபோவது நிற்கவில்லை. ஆனால் நேரம் கூடியது. எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்க்கிறார், வெளிச்சத்தில் காட்டுகிறார், முன்பெல்லாம் கேட்காத கேள்விகளைக் கேட்கிறார். நல்லாருக்கு என்று அவர் அனுப்பிய ஒரு பழைய டீசல் மூன்றே வாரத்தில் கயிறு கட்டித் திரும்பி வந்தது. இஞ்சின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. "உங்க கால்தான் சரியில்ல சார்" என்று சொந்தக்காரரிடம் சொன்னார். குரல் சன்னமாக இருந்தது. டிரைவர் தூக்கோடு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வார்த்தை போதும், பட்டறையை இழுத்து மூடவைக்க. வீட்டிலும் சொல்லவில்லை. எலி வளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூனை மாதிரி பொறுத்திருந்தார். நாலு பேர் நிற்கிற ஒரு நாளாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

அந்த நாள் போன செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு நர்ஸ், மூன்று லட்சம் தாண்டிய டீசல் காரை விற்கக் கொண்டுவந்திருந்தாள். வேலைக்கு நடுவில், அந்த உடையோடே ஓடிவந்தவள். சாவியை விட மனசில்லாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வாங்க வந்தவர்கள் ஒரு தகப்பனும் மகனும். எதிர்க் கடைக்காரரும் தேநீரோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

"அவர் ஒரு வார்த்தை சொன்னா எடுத்துக்கறோம்மா. அவர் சொன்னா மாறாது" என்றார் தகப்பன்.

"ரொம்ப கஷ்டப்பட்டு வெச்சிருந்த வண்டிங்க" என்றாள் நர்ஸ். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மூக்குக்காரர் மோந்தார். மறுபடி மோந்தார். தாளைத் திருப்பிக்கொண்டு மூன்றாம் முறையும் மோந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. எதிர்க் கடைக்காரர், "என்ன மூக்கு, தூங்கிட்டியா?" என்றார். மகன் சிரித்தான்.

தாளோடு அவர் வாசலுக்கு வந்தார். டிரைவர் அப்போதுதான் கதவைப் பிடித்து நாலு எண்ணி நிமிர்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்து, அன்று மீட்டரை வாசிக்காமலே இறங்கியிருந்தார்.

"மாப்ள, இதைக் கொஞ்சம் பிடி" என்றார் மூக்குக்காரர். முதுகை நாலு பேருக்குக் காட்டிக்கொண்டு, தாளை இவர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

மோக்கவே தேவையிருக்கவில்லை. ஒரு முழ தூரத்திலேயே வந்தது, தோலைத் தீயில் போட்டதுபோல. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே வாசம். மச்சானின் தோளுக்கு மேலாக நர்ஸின் முகம் தெரிந்தது. அன்று இதே வாசலில் இவர் முகமும் அப்படித்தான் இருந்தது.

இவர் வாயைத் திறந்தார். நெஞ்சில் இத்தனை வருஷமும் சேர்த்துவைத்த குரல் தொண்டைவரை வந்துவிட்டது.

மூக்குக்காரர் தாளைக் கசக்கி உள்ளங்கையில் மறைத்தார். கறுப்பு எண்ணெய் படிந்த காதை இவர் வாயருகே கொண்டுவந்து குனிந்தார்.

"சத்தமா வேண்டாம் மாப்ள. என் காதுல சொல்லு."