பட்டியலில் இருந்த எண்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று எங்கள் பள்ளிச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். தேறியவர்களின் எண்கள் மட்டும்தான் அதில் இருந்தன. தோற்றவர்களின் எண்கள் இல்லை. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, எண்கள் தெரியும். அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டப் போகிறவருக்கு அது போதுமானதாக இருந்தது. என் தேர்வு எண்ணை முந்தின நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கூட்டத்துக்குள் புகுந்து வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டு போய், ஓரிடத்தில் நிறுத்தி, “உண்டு மக்கா” என்றார். எங்கள் குடும்பத்தில் பத்து தேறிய முதல் ஆள் நான். எண் இருந்தால் ஜெயம். அவர் அன்று தெரிந்துகொண்டது அது.

பின்னால் நான் ரஷ்ய மொழி படித்தேன். ஏன் ரஷ்யன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அழகான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பாடத்தில் இடம் காலியாக இருந்தது. இடத்தோடு விடுதியும் கிடைத்தது. போனேன். போன பிறகு பிடித்துவிட்டது. முனைவர் பட்டத்துக்கு ரஷ்யக் கிராம வீடுகளின் அடுப்பைப் பற்றி எழுதினேன். பாதி அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் செங்கல் அடுப்பு அது. சமையல் அதற்குள்ளே, குளிர்காலத்தில் வயதானவர்கள் படுத்துக்கொள்வது அதன் மேலே. நாட்டுப்புறக் கதைகளில் சோம்பேறிகள் அதை விட்டு இறங்குவதே இல்லை.

இதை அப்பாவிடம் சொன்னபோது, “சூடு தாங்குமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு சாயாக்கடையில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் சாயாக்கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவு வருஷம்லே படிச்சே?”

“அஞ்சு வருஷம், அண்ணா.”

“அடுப்பப் பத்தியா? என் அடுப்புக்க முன்ன இருபது வருஷமா நிக்கேன். எனக்கும் ஒரு டாக்டர் பட்டம் தரச் சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் ரஷ்யா என்றால் மருத்துவப் படிப்பு. இங்கே இடம் கிடைக்காத பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள். அதனால் நான் ரஷ்யா தொடர்பாக ஏதோ டாக்டர் என்பது ஊரில் முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி தன் முட்டி வலியை என்னிடம்தான் முதலில் சொல்வாள். நான் ரஷ்யாவைப் பார்த்ததே இல்லை என்றால் நம்ப மாட்டாள். பட்டம் வாங்கி வந்த பிறகு கிடைத்த வேலையும் அதைச் சார்ந்ததுதான். தக்கலையில் ஒரு செருப்புக்கடை மாடியில், மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் பேச்சு ரஷ்யன் சொல்லிக்கொடுப்பது. வலி எங்கே இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது, வாயைத் திறங்கள். இதற்கு மேல் அவர்களுக்கு வேண்டாம். அடுப்பைப் பற்றி ஒருநாள் ஐந்து நிமிடம் சொன்னேன். ஒரு பையன் கையைத் தூக்கி, “சார், இது பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டான்.

அப்படி ஒன்றரை வருடம் போனபோதுதான் அந்த விளம்பரம் வந்தது. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ரஷ்யப் பண்பாடும் இலக்கியமும் கற்பிக்க, ஆராய்ச்சி செய்ய, ஒரே ஒரு இடம். நிரந்தர வேலை. என்னைப் போன்றவர்களுக்கு அப்படி ஓர் இடம் எப்போதாவதுதான் வரும். விண்ணப்பித்தேன், நேர்காணலுக்கு அழைத்தார்கள். அழைப்புக் கடிதத்தில் இருந்த என் எண்ணை அப்பா கேட்டு வாங்கினார். எட்டு இலக்கம். இரண்டு நாள் வெட்டுக்குப் போகையிலும் வருகையிலும் முணுமுணுத்துப் படித்துவிட்டார். நிழல்தாங்கலில், அதாவது எங்கள் தெய்வமான அய்யாவைக் கும்பிடும் இடத்தில், முடிவு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்பான் சோறு போடுவதாகவும் அய்யாவிடம் சொல்லி வைத்தார். அரிசியும் காய்கறியும் ஒன்றாகப் போட்டு வேகவைத்து ஊருக்கே பரிமாறும் சோறு அது.

நேர்காணலுக்கு நாங்கள் நான்கு பேர் வந்திருந்தோம். பத்து நிமிடம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நான் அடுப்பை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது நிமிடத்தில் நடுவில் இருந்தவர் கையைக் காட்டி, போதும் என்றார். ரஷ்யாவில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்றார் இன்னொருவர். போனதில்லை என்றேன். பார்க்காத அடுப்பைப் பற்றியா ஆராய்ச்சி என்றார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து பையிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். ரயிலில் திரும்பும்போது அதிகம் யோசித்ததாக நினைவில்லை. மூன்றாவது நாள் காலையில் குழித்துறையில் இறங்கினேன்.

முடிவு வர நான்கு வாரம் ஆனது. நான் வகுப்பில் இருந்தபோது கைப்பேசியில் பார்த்தேன். நான்கு எண்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரே மூன்று ஆங்கில எழுத்துகள். அவற்றின் பொருள் கீழே இருந்தது: தகுந்தவர் எவரும் இல்லை, பணியிடம் மீண்டும் விளம்பரம் செய்யப்படும். இரண்டு தடவை படித்தேன். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாயைத் திறங்கள் என்பதை எல்லோரையும் திரும்பச் சொல்ல வைத்தேன். சொன்னார்கள். பலகையைத் துடைத்தேன். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இறங்கியதும் சாயாக்கடையிலிருந்து சத்தம். “ஏ புரொபசரே! இங்க வாலே!”

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தோளில் துவைத்த துண்டு, கையில் ஒரு தாள். பால் அளந்து கொடுத்துவிட்டுத் தினமும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் முடிவு வந்ததா என்று கேட்பது அவர் வழக்கமாகியிருந்தது. அன்று வந்திருந்தது. கடைப்பெண்ணுக்கு ஆதார் வேலைக் கூட்டம். அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருக்கிறாள். அப்பா விரலை ஓட்டியிருக்கிறார். மூன்றாவது வரியில் என் எண்.

“நம்பரு உண்டு மக்கா” என்றார். தாளை எனக்குக் காட்டினார். எண்ணின் அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது.

“மொத்தமே நாலு நம்பருதான், கேட்டியா? இந்தியா முழுக்க நாலு பேரு!” என்றார் சாயாக்கடைக்காரர். “இனி எங்களயெல்லாம் கண்டா பேசுவியா?”

“பேசுவேன், அண்ணா.”

“அடுப்புதாம்லே காப்பாத்திச்சு. நான் அண்ணைக்கே சொன்னேன்லா?”

அவர் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சாயா வந்தது. குடித்து முடித்தேன். அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு இடையிலான ஒற்றையடிப் பாதையில், சொன்னேன்.

அப்பா நிற்கவில்லை, நடந்துகொண்டே கேட்டார். “நம்பரு இருக்கே?”

“வந்தவங்க நம்பரு எல்லாம் போட்டிருக்குப்பா. யாரையும் எடுக்கல்ல.”

“அப்பம் யாருக்குக் கிட்டிச்சு?”

“யாருக்கும் இல்ல.”

“நாலு பேருக்குமா?”

“நாலு பேருக்கும்.”

பாதையில் கிடந்த ஒரு கொம்பைக் காலால் ஒதுக்கினார். “யாருக்கும் இல்லன்னா பெறவு எதுக்கு விளிச்சாவ?”

தெரியாது என்றேன். அவர் தாளை நான்காக மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார். சிறிது தூரம் போய், தோற்றவனின் எண்ணை எதற்காகப் போட வேண்டும் என்று மரங்களைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னாள். ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குக் கவலை.

“நான் அய்யாட்ட சோறு போடுதேன்னு சொன்னேன். சொன்னேன்னா போடணும்” என்றார் அப்பா. “வேலை கிட்டல்லன்னு நானே சொல்லிக்கிடுதேன்.”

அவர் சொன்னாரா, சொன்னது யார் காதிலும் ஏறவில்லையா, தெரியாது. ஞாயிறு மதியம் அவர் தலைப்பாகையும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். நான் பரிமாறினேன். இலை இலையாகக் குனிந்தபோது ஒவ்வொருவரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். முதல் பந்தியில் சிலரிடம், இல்லை, கிடைக்கவில்லை என்றேன். “அதெல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாவ, கண்ணு பட்டிரப்பிடாதுன்னு” என்று பக்கத்து இலையிடம் சொல்லிவிட்டுச் சோறு கேட்டார்கள். இரண்டாம் பந்தியில் சொல்வதை விட்டுவிட்டேன். மாமி முட்டியின் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்திருந்தாள். கை கழுவிவிட்டு வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

“என்ன தெரியுது?”

“எலும்பு தெரியுது மாமி.”

“நீ போறதுக்கு முன்ன ஒரு மருந்து எழுதித் தந்துட்டுப் போ” என்றாள். நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த மாதமே மறு விளம்பரம் வந்தது. அதே இடம், அதே தகுதிகள். மீண்டும் விண்ணப்பித்தேன். ஆராய்ச்சித் தலைப்பு என்ற கட்டத்தில் அடுப்பை எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிறுத்தினேன். எழுத வேறொன்றும் இருக்கவில்லை, அதையே எழுதினேன். அனுப்பி முடித்ததும் திரையில் புதிய எண் வந்தது.

அன்று மழை. மரத்தில் வெட்டு இல்லாததால் அப்பா வீட்டிலிருந்தார். கல்லில் தண்ணீர் தெளித்துப் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, “நம்பரச் சொல்லு” என்றார்.

இரண்டிரண்டு இலக்கமாகச் சொன்னேன். ஒவ்வொரு இரண்டுக்கும் ஒரு தீட்டு. ஒருமுறை சொல்லிப் பார்த்தார், கடைசி இலக்கம் தவறியது. திருத்தினேன். மறுபடி சொன்னார், சரியாக இருந்தது. கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

“இந்த மட்டம் நம்பரு இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?”

“அது அவங்க போடுறதப் பொறுத்துப்பா. பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்.”

“அத நீ பாரு” என்றார். “நம்பர நான் பாத்துக்கிடுதேன்.”

மழை விடவில்லை. அவர் அந்த எட்டு இலக்கங்களையும் இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிக்கொண்டு கத்தியைத் திருப்பிப் போட்டார்.