அதிராத தகரம்

எங்கள் வேனில் இருந்ததைப் போன்ற பாட்டு செட்டு திருநெல்வேலி ஜில்லாவில் எந்த வேனிலும் கிடையாது என்று அப்பா பெருமையடித்துக்கொண்டு திரிந்தது ஐந்தே வாரம்தான். ஆறாவது வாரம் அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. இடையில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த கேட்டில் பெரும்பங்கு என்னுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். கெடுதல் செய்யத் தேவையான அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்குத் தச்சநல்லூரில் வீடு. அப்பா சொந்த வேன் வைத்து ஓட்டினார். கல்யாண முகூர்த்தம், குற்றாலம் சீசன், குலசேகரன்பட்டினம் தசரா என்று வெளி ட்ரிப்பும் உண்டு. ஆனால் அன்றாடச் சோறு போட்டது தாழையூத்து தாண்டி இருந்த ஒரு நூல் மில். காலை ஷிப்டுக்கு எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார், மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் திரும்பக் கூட்டி வருவார். அந்த எட்டுப் பேரில் அம்மாவும் ஒருத்தி. பதினான்கு வருஷமாக நூல் நூற்கும் மெஷின்களுக்கு நடுவில் நின்றவள். அந்த இரைச்சலில் அங்கே யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லையாம், உதட்டசைவும் கை ஜாடையும்தானாம். அதனாலோ என்னவோ அம்மா வீட்டிலும் தெருவே கேட்கும்படிதான் பேசுவாள். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்த இடத்தில் அவள் எங்கள் டீச்சரிடம் அந்தக் குரலில் நலம் விசாரித்தபோது வகுப்பே சிரித்தது. அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. பேசாததை அவள் கவனித்தாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வேன் வாங்கியபோதே கம்பெனியில் ஒரு செட்டு வைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் நாலு ஸ்பீக்கர். சத்தத்தைக் கூட்டினால் பாட்டைவிட வண்டித் தகரம்தான் அதிகமாகப் பாடும். அப்பாவின் இருக்கைக்குப் பின்னால் சன்னலோரம் அம்மாவின் இடம். ஏறி உட்கார்ந்ததும் வலது உள்ளங்கையைச் சன்னலுக்குக் கீழே, ஸ்பீக்கருக்குப் பக்கத்துத் தகரத்தில் பதித்துக்கொள்வாள். வண்டி குலுக்குவதற்குப் பயந்து பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். பாட்டு ஆரம்பித்த சற்று நேரத்தில் அவள் விரல் ஒன்று தாளம் போடும். என்ன பாட்டு என்று சொல்லிவிட்டு, சுருதியைப் பற்றிக் கவலையே படாமல் கூடவே பாடுவாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். வேன் முழுக்க ஒரே கூத்தாக இருக்கும்.

வள்ளியூருக்குக் கல்யாண ட்ரிப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அண்ணாச்சி, வண்டி என்னமோ புதுசாத்தான் இருக்கு. செட்டு மட்டும் தகர டப்பால்லா வச்சிருக்கிய!”

அப்பாவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வண்டியைச் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே ஜங்ஷன் பக்கத்தில் இருந்த ஒரு செட்டுக் கடைக்கு வேனைக் கொண்டுபோனார். கடைக்காரர் துபாயில் கார்களுக்கு செட்டு மாட்டிவிட்டு ஊர் திரும்பியவர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஸ்பீக்கரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மடக்கிய விரலால் வண்டியின் பக்கத் தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

“குறை ஸ்பீக்கர்ல மட்டும் இல்ல அண்ணாச்சி. இது காலி டின்னுல்லா. ஸ்பீக்கர் ஒண்ணு சொல்லுது, தகரம் ஒண்ணு சொல்லுது. மொதல்ல தகரத்தோட வாய அடைக்கணும்.”

காலாண்டுப் பரீட்சை லீவு. வேலை நடந்த இரண்டு நாளும் நான் அந்தக் கடையிலேயே பழியாய்க் கிடந்தேன். உள்பக்கத்து அட்டைகளைக் கழற்றினார்கள். ஒரு பக்கம் தார் போலக் கறுப்பாக, மறுபக்கம் வெள்ளித்தாளாக இருந்த கனமான ஷீட்டைச் சூடுகாட்டி, தகரத்தின் மேல் உருளையால் அழுத்தி அழுத்தி ஒட்டினார்கள். ஓட்டைகளை எல்லாம் அடைத்தார்கள். ஒயர்கள் தகரத்தில் உரசாமல் இருக்கப் பஞ்சு சுற்றினார்கள். பிறகு மரவளையம் வைத்துப் புது ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர், பாட்டரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒயர். எல்லாம் முடிந்து பாய் மறுபடி தகட்டைத் தட்டியபோது பூசணிக்காயைத் தட்டியது போல ‘தொம்’ என்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“யாரு தினமும் கேக்காங்களோ, அவங்கள உக்கார வச்சுத்தான் அளவு வைக்கணும்” என்றார் பாய். அப்பா மூன்றாம் நாள் மாலை அம்மாவை அழைத்து வந்து அவள் இடத்தில் உட்கார வைத்தார். பாய் பாட்டைப் போட்டார். சத்தத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார். “சத்தம் வேற, தெளிவு வேற அண்ணாச்சி” என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான். நூறு தடவை கேட்ட பாட்டில் கொலுசு ஒலி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா வழக்கம்போல உள்ளங்கையைத் தகரத்தில் பதித்தாள். எடுத்தாள். கொஞ்சம் கீழே தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறகு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எப்பம் போடுவிய?” என்று கேட்டாள்.

பாட்டு அப்போது இரண்டாவது சரணத்தில் இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு பித்தானை அழுத்தினார். ஊசியால் குத்துவது போல ஒரு கீச்சொலி வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். எதற்காகப் பொத்துகிறேன் என்பது போல அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் அப்பாவைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போனேன். “செட்டுல இனிமே செய்ய ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அக்காவ ஒரு காது டாக்டர்ட்ட காட்டுங்க. பதமா எடுத்துச் சொல்லுங்க” என்றார்.

அப்பா டாக்டரிடம் காட்டவில்லை. டாக்டர் சீட்டு எழுதினால் அது எப்படியாவது மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே அழைத்து என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார்.

“ஏட்டி, பாய் சொன்னது ஒன்னோட இருக்கணும். காது கேக்காதவள மெஷின் பக்கம் நிக்க விடமாட்டான். தெரிஞ்சா அம்மைக்கு வேலை போயிரும். வெளங்குதா?”

விளங்குகிறது என்றேன். விளங்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை வேனில் ஏறிய பெண்களுக்குப் புது செட்டு பிடிக்கவில்லை. “முன்னால இருந்ததே நல்லாருந்துச்சுண்ணே” என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அம்மாவும் சொன்னாள். கூட்டுப் பாட்டும் கூத்தும் அன்றோடு நின்றன. அப்பாவுக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று இரவு சாப்பிடும்போது முணுமுணுத்தார். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் நானும் சொல்லிக்கொண்டு அலைந்தேன். மறுநாளிலிருந்து அம்மா மட்டும் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். செட்டு தெளிவாக இருக்கிறது, அருமையாக இருக்கிறது என்றாள். விரலால் தாளமும் போட்டாள். அப்பாவின் முகம் வாடியது அவளுக்குப் பொறுக்கவில்லை.

ரகசியம் தெரிந்தவளாக நான் அந்த வாரங்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லிப் பார்ப்பேன். விளையாடப் போகட்டுமா என்று பின்னாலிருந்து கேட்டுவிட்டு ஓடிவிடுவேன். திரும்பி வந்ததும், “நான் கேட்டேன்லாம்மா, நீ சரின்னு சொன்ன” என்பேன். அவள் ஒரு கணம் குழம்பிவிட்டு ஆமாம் என்று ஒப்புக்கொள்வாள். தான் சொன்னதாகவே அவள் நம்பியிருக்க வேண்டும். இப்படி ஒரு அம்மா கிடைத்தது எவ்வளவு வசதி என்று நான் நினைத்ததுண்டு.

ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை. மதியம் மில்லுக்கு வண்டி போனபோது நானும் தொற்றிக்கொண்டேன். செட்டின் ரிமோட் என் கையில். அன்று பைக் பழுதாகிவிட்டதென்று ஷிப்டு சூப்பர்வைசர் எங்கள் வேனில் ஏறினார். அப்பா சீட்டைத் துடைத்து அவரை முன்னால் உட்கார வைத்தார். அம்மா வேலை செய்த பகுதியில் யார் நிற்பது, யார் போவது என்பதெல்லாம் அவர் கையில்தான் என்று எனக்குத் தெரியும். தாழையூத்து நெருங்கும்போது, “செட்டு அமர்க்களமா இருக்கே” என்றார் அவர். அப்பா முகம் மலர்ந்தது. எனக்கோ, அவர் என்னையும் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஒரு காரணமும் கிடையாது.

ரிமோட்டை அமுக்கிப் பாட்டை நிறுத்தினேன்.

வேனில் எஞ்சின் சத்தம் மட்டும். அம்மாவின் விரல் தகரத்தில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. நான் அவள் தோளைத் தொட்டுத் திருப்பி, உதட்டைப் பெரிதாக அசைத்து, “பாட்டு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்குட்டி!” என்றாள் அம்மா, தன் முழுக்குரலில். “தெளிவா இருக்கு!”

எல்லாரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து நானே முதலில் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மற்ற ஏழு பெண்களும் ஒரே சமயத்தில் சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். வேன் தச்சநல்லூர் வந்து சேர்ந்த பிறகும் அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை அம்மாவை மில் டிஸ்பென்சரிக்குக் கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். பின்னாலிருந்து எண்களைச் சொல்வார்களாம், அவள் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அவள் பேசாமல் நின்றிருக்கிறாள். ஆபத்து மணி அடித்தால் கேட்காது, அதனால் உன் நன்மைக்காகத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் காதைத் தின்றது எதுவோ, அதன் பக்கத்தில் நிற்க இப்போது அவளுக்குக் காது போதவில்லை. பதினான்கு வருஷ உழைப்புக்காக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை அவள் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரச் சனிக்கிழமை டவுனுக்குச் சாமான் வாங்கப் போனோம். அம்மா பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அப்பா பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினார். அம்மா உள்ளங்கையைத் தகரத்தில் வைத்துச் சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது அவள் யாருக்காகவும் தாளம் போட வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய அப்பா வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி இறக்கினார்.

மறுநாள் காலை நான் எழுந்து வெளியே வந்தபோது, அப்பா வேனின் உள் அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெந்நீரும் தோசைத் திருப்பியுமாக அந்தக் கறுப்பு ஷீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பரணில் கிடந்த கம்பெனி ஸ்பீக்கர் அவர் காலடியில் இருந்தது. ஷீட்டு லேசில் வரவில்லை, பிய்ந்து பிய்ந்து வந்தது. கை, வேட்டி, முகமெல்லாம் தார்.

“செட்டக் கெடுக்காதீங்கப்பா!” என்று கத்தினேன்.

“அங்கன போ, ஏட்டி” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

பல வருஷம் கழித்து, கல்லூரிக்குப் போன டவுன் பஸ்ஸில் ஒருநாள் சன்னலுக்குக் கீழே கை வைத்திருந்தேன். பாட்டுக்குத் தகரம் அதிர்ந்தது. என்ன பாட்டு என்று காதை விட உள்ளங்கைக்கு முதலில் தெரிந்தது. அம்மா கையால்தான் பாட்டுக் கேட்டிருக்கிறாள். அந்த ஏழு பேரும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் மெனக்கெட்டு அந்தத் தகரத்தின் வாயை அடைத்திருக்கிறோம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அன்று கல்லூரிக்குப் போகவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஜில்லாவிலேயே நல்ல செட்டு என் கண் முன்னால் பாழாகிக்கொண்டிருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் இளகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலால் என் கண்ணைத் துடைத்தாள்.

“எனக்காவ அழாதட்டி” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. “எனக்கு ஒண்ணுமில்ல. வேலை போனா போவுது.”

நான் சரி என்று தலையாட்டினேன். அவள் என்னை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக நான், வேனுக்கடியில் சுருண்டு கிடந்த வெள்ளித்தாளைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன்.